துணிக்கு ஸ்டால் உண்டு, நெய்தவருக்கு?

பாலராமபுரம் கைத்தறி, சங்கத்தின் கைபிடித்துக் கண்காட்சிக்குப் போகிறது. தறிக்காரர் பெரும்பாலும் தறியிலேயே தங்கிவிடுகிறார்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 14 கி.மீ. தொலைவில் இருக்கிறது பாலராமபுரம். கடைப் பலகைகள் மலையாளத்தில் இருந்தாலும் ஊரின் நெசவுக்கு வேர் தமிழ் மண்ணில்தான். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் (1798-1810), அரண்மனைக்குத் துணி நெய்ய நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் குடும்பங்கள் இங்கே குடியமர்ந்தன. ஊருக்கும் மன்னரின் பெயரே நிலைத்தது. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்று அவர்கள் வாழ்ந்த தெருக்களுக்கு இன்றும் அதே பெயர்கள்.

இங்கே குழித்தறியில் நெய்யப்படும் மெல்லிய பருத்தித் துணிக்கும், புளிய இலை போன்ற ஒடுங்கிய கரைக்கும், கசவு எனப்படும் ஜரிகைக்கும் தனி மதிப்பு. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு சேலை ஒருவர் கையில் மட்டும் உருவாவதில்லை. தெரு நீளத்துக்குப் பாவை நீட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டு நூலைப் பிரிக்கப் பல கைகள் வேண்டும். மழை வந்தால் வேலை நின்றுவிடும்.

ஓணம் நெருங்கும்போது திருவனந்தபுரத்தில் கைத்தறிக் கண்காட்சிகள் களைகட்டும். தள்ளுபடி விலை, கூட்டம், வெள்ளையும் பொன்னுமாகத் தொங்கும் சேலைகள். அங்கே ஸ்டால் பிடிக்கத் தனி நெசவாளரால் எளிதில் முடியாது. ஒரு கசவுச் சேலை முடியப் பல நாள் ஆகும்போது, ஒரே தறியை வைத்துக்கொண்டு ஸ்டாலை நிரப்புவது எப்படி? வாடகை, வண்டிச் செலவு, விற்காமல் திரும்பும் சரக்கு என்று எல்லாவற்றையும் தாங்க ஆள்பலம் வேண்டும்.

அந்தப் பலம்தான் கூட்டுறவுச் சங்கம். நெசவாளர் தொடக்கச் சங்கத்தில் உறுப்பினர். அத்தகைய சங்கங்களைக் கொண்டது 1961 முதல் இயங்கும் மாநிலத் தலைமைச் சங்கமான ஹேன்டெக்ஸ். சங்கம் நூல் தருகிறது, கூலி தருகிறது, துணியை எடுத்துக்கொள்கிறது. மத்திய அரசின் உதவியுடன் பிற மாநிலங்களில் நடக்கும் கைத்தறிக் கண்காட்சிகளிலும் சங்கங்களுக்கு இடமுண்டு. சங்கத்தில் சேராதவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது நூல் கொடுத்துத் துணி வாங்கும் முதலாளி நெசவாளர்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. ஸ்டால் பலகையில் சங்கத்தின் பெயர் இருக்கும். நெய்தவர் பெயர் எங்கும் இராது. ஓணத்துக்கு எது விற்குமோ அதுவே தறியில் ஏறும். புதிய கரையோ புதிய நிறமோ முயல விரும்பும் நெசவாளருக்கு, அதை வாங்குபவர் முன் விரித்துக் காட்டும் வாய்ப்புக் குறைவு. 2016-17-ல் கேரள அரசு தொடங்கிய பள்ளிச் சீருடைத் திட்டம் தறிகளுக்கு வேலை கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் சீருடைத் துணியில் கைத்திறனைக் காட்ட இடமில்லை.

திருவிதாங்கூருக்கு இது பழைய கதை. விக்டோரியா ராணிக்கு அனுப்பப்பட்ட தந்தச் சிம்மாசனம் 1851-ல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, ஊர் அறிந்தது பரிசளித்த மன்னரை; செதுக்கியவர்களை அல்ல.

வேறு வழிகளும் உண்டு. 1986-ல் ஜெயா ஜேட்லி தொடங்கிய தஸ்த்காரி ஹாட் சமிதியில் கைவினைஞர்களே உறுப்பினர்கள். பஜாரில் அவர்களே நின்று விற்கிறார்கள். 1994-ல் திறக்கப்பட்ட தில்லி ஹாட்டில் கைவினைஞர்களுக்கு முறை வைத்துப் பதினைந்து நாள் ஸ்டால் தரும் வழக்கம் வந்தது. "இதே கரை நீலத்தில் கிடைக்குமா?" என்று வாங்குபவர் கேட்டால், கேள்வி நேராகத் தறிக்கே போய்ச் சேரும். திருவனந்தபுரத்துக்கு அருகிலேயே, கோவளத்தை ஒட்டிய வெள்ளாரில், 2021-ல் திறக்கப்பட்ட கலை, கைவினை கிராமத்தில் கைவினைஞர்கள் பார்வையாளர் முன்னிலையில் வேலை செய்கிறார்கள். அதை நடத்துவதும் ஒரு கூட்டுறவுச் சங்கம்தான்: 1925-ல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் சங்கம்.

ஆனால் எல்லோராலும் தில்லி போக முடியுமா? 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறியை நம்பியிருக்கும் சுமார் 35 லட்சம் பேரில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். வீட்டையும் தறியையும் விட்டு இரண்டு வாரம் வெளியூரில் தங்குவது பலருக்கு நடக்காத காரியம். அவர்களுக்காகக் கண்காட்சிக்குப் போக சங்கம் வேண்டும். சங்கத்தோடு அவர்கள் பெயரும் போக வேண்டும்.

அதற்குப் பெரிய செலவில்லை. தமிழ்நாட்டின் கோ-ஆப்டெக்ஸ் 2010-களில் பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் படமும் விவரமும் கொண்ட அட்டையை இணைத்துக் காட்டியது. பாலராமபுரத்துச் சேலைக்கும் அப்படி ஓர் அட்டை போதும். அதில் நெசவாளர் பெயரோடு, பாவு போட்டவர்கள் பெயரும் இருந்தால் இன்னும் நியாயம்.