பளபளப்புக்குக் கொடுத்த மரம்

லங்காவியில் அந்தப் பழைய பாய்மரப் படகை நான் வாங்கியதே அதன் தேக்குக்காகத்தான். உடல் முழுக்க ஃபைபர். ஆனால் 1970களில் தைவானில் கட்டிய பல படகுகளைப் போலவே இதிலும் மரத்தைத் தாராளமாக இழைத்திருந்தார்கள். தளத்தின் விளிம்புச் சட்டம், கேபின் கூரைமேல் கைப்பிடி, வாசலை அடைக்கும் பலகைகள் எல்லாமே தேக்கு. வெயில் குடித்துச் சாம்பல் பூத்துக் கிடந்தன. பக்கத்தில் கட்டியிருந்த படகின் கைப்பிடி மட்டும் தேன் நிறத்தில் மின்னியது. அதைப் பார்த்த நிமிடமே வார்னிஷ் என்று முடிவு செய்துவிட்டேன்.

படகு யார்டில் இருந்த தமிழ்த் தச்சர் ஒருவர், "தம்பி எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். கோலாலம்பூர் என்றேன். "அடிக்கடி வருவீங்களா?" முடிந்தபோதெல்லாம் வருவேன் என்றேன். "அப்ப அதைச் சும்மா விட்டுருங்க. தேக்கு தன்னைத்தானே பாத்துக்கும்." வேலைக்குச் சோம்பல்படுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

வேலையை அரைகுறையாகச் செய்தேன் என்று சொல்ல முடியாது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதன்மேல் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. அதனால் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, முதல் பூச்சை நீர்க்க அடித்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பூச்சுமேல் பூச்சாக ஏற்றினேன். முகம் தெரிந்தது. அந்த மாலை நான் அடைந்த சந்தோஷம் பொய்யில்லை.

நான் கணக்கில் எடுக்காதது வெயிலை. வார்னிஷில் கலந்திருக்கும் புற ஊதாக் கதிர்த் தடுப்பு நாளாக நாளாகத் தீர்ந்துபோகும். பிறகு வெயில் அந்தத் தெளிந்த படலத்தை ஊடுருவி மரத்தின் மேல்தோலையே சிதைக்கும்; படலம் பிடிமானம் இழக்கும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், சில மாதங்களுக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து மறுபூச்சு கொடுத்தே ஆக வேண்டும். நானோ அலுவலகம், பிள்ளைகளின் பரீட்சை, வீட்டு விசேஷம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அடுத்துப் போனபோது, கைப்பிடியின் காலடியில் மஞ்சளாக ஒரு திட்டு உப்பியிருந்தது. நகத்தால் நெம்பினேன். படலம் நீளமாக உரிந்து வந்தது. அடியில் மரம் ஈரமாக, கருப்பாக இருந்தது. இணைப்பு வழியே புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டித் தேய்த்து மறுபடி அடித்தேன். மறுபடி தாமதித்தேன். மறுபடி உரிந்தது.

கடைசி முறை தேய்த்துக்கொண்டிருக்கும்போது உப்புத்தாள் எதிலோ இடறியது. திருகாணித் தலையை மறைத்து வைத்திருந்த மரத்தக்கை. காசு கனம்தான் மிச்சம் இருந்தது. விரல் பட்டதும் கழன்று உருண்டு கடலில் விழுந்தது. குழிக்குள்ளே வெண்கலத் திருகாணியின் தலை, மரத்தின் மட்டத்துக்கே வந்து நின்றது. கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திருகாணி மேலே வரவில்லை. மரம்தான் இறங்கியிருக்கிறது. புதுத் தக்கை அடிக்கக்கூடக் கனம் இல்லை. வெறுமனே விட்டிருந்தால் இன்னும் பல வருடங்கள் உழைத்திருக்கும் தேக்கை, காப்பாற்றுகிறேன் என்று நானே பொடியாக்கிக் காற்றில் விட்டிருக்கிறேன்.

அந்தக் கைப்பிடிகளை மாற்ற வேண்டியதாயிற்று. பழைய தரத்தில் தேக்குக் கிடைப்பது அரிது. கிடைத்ததன் விலையை வீட்டில் சொல்லத் தயங்கினேன். தேக்கு எண்ணெய் தடவலாமே என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பெயரில் விற்பவற்றில் பல ஆளி விதை எண்ணெய் கலந்தவை. இந்த ஈரக்காற்றில் கரும்பூஞ்சைக்கு அதுவே தீனி.

புதுக் கைப்பிடிகளை அதே தச்சர்தான் பொருத்தினார். பழசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அவற்றைக் கடல்நீர் ஊற்றி, மென்மையான பிரஷால் மரத்தின் ரேகைக்குக் குறுக்கே கழுவுவதோடு சரி. நெடுக்கே தேய்த்தால் மென்மையான நார் அரித்துப் பள்ளம் விழும் என்பதையும் அவரே காட்டிக்கொடுத்தார்.

வாசல் பலகைகளுக்கு மட்டும் இன்னும் வார்னிஷ் அடிக்கிறேன். அவற்றைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம்.