ஊஞ்சல்ல உட்காரக் கூடாது!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு பெரியவங்க சொல்வாங்க. அந்த ரெண்டுக்கும் முன்னாடி இன்னொண்ணு பார்க்கணும் மக்களே... மாடல் ஃப்ளாட்!

போன ஞாயித்துக்கிழமை எங்க ஃபேமிலி மொத்தமும் கிளம்பிட்டோம். பெரம்பூர்ல பதினாறு வருஷமா ஒரே பெட்ரூம் வாடகை வீடு. ஹால்தான் எனக்கு ஸ்டடி ரூம், பெட்ரூம், எல்லாமே! ‘பி.எஃப். பணம் கொஞ்சம் எடுத்து, மிச்சத்துக்கு லோன் போட்டா ஒரு டூ பெட்ரூம் வாங்கிடலாம்’னு அப்பாவுக்கு ரொம்ப நாளா ஒரு கணக்கு. மஞ்சப்பையில செக் புக்கை பத்திரமா வெச்சிருந்தார். நான் சிவில் மூணாவது வருஷம். சர்வே லேப் பாசத்துல பாக்கெட்ல ஒரு டேப்பைப் போட்டுக்கிட்டேன்.

ஓ.எம்.ஆர்.ல மெட்ரோ தூண்களை எண்ணிக்கிட்டே போய், நாவலூர் தாண்டி ஒரு கிளை ரோட்டுல திரும்பினா... தோரணம், பலூன், வெல்கம் டிரிங்க். உள்ளே நுழைஞ்சதும் ஜில்லுனு ஏ.ஸி. அப்பாவோட முகத்துல அப்படி ஒரு சிரிப்பை, நான் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்குப் பார்த்தது!

ஹால், ‘செட்டிநாடு தீம்’! ரெண்டு பெரிய மரத்தூண், நடுவுல பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல், காலுக்குக் கீழே பூப்போட்ட தரை. அம்மா ஆசையா ஊஞ்சல் பக்கம் போக, டை கட்டின சேல்ஸ் அண்ணா பதறிட்டார். “மேடம், உட்காராதீங்க... அது ஷோவுக்கு!” சந்தேகத்துல தூணைத் தட்டிப் பார்த்தேன். டொக் டொக்! உள்ளே காலி. தரை? ஆத்தங்குடிக் கல்லுன்னா கண்ணாடி மேல கலரை ஊத்தி, சிமென்ட் போட்டு, சூளையே இல்லாம தண்ணியில ஊற வெச்சு, ஒவ்வொண்ணா கையால செய்யணும். இங்கே இருந்தது அதைப் பிரின்ட் பண்ணின பிளாஸ்டிக் ஷீட்.

கிச்சன் பளபளன்னு இருந்துச்சு. அம்மா ஒரே நிமிஷத்துல மூணு கேள்வி கேட்டாங்க. “சிலிண்டர் எங்கே வைக்கிறது? கிரைண்டருக்கு இடம்? துணி எங்கே காயப் போடுறது?” சேல்ஸ் அண்ணா, “அடுத்து மாஸ்டர் பெட்ரூம் பார்க்கலாமா?”ன்னார்.

அங்கே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. ரூம் ரெண்டு மடங்கா தெரிஞ்சுது. அப்பத்தான் கவனிச்சேன். எந்த ரூமுக்கும் கதவே இல்லை! கதவு இருந்தா அது திறக்க இடம் வேணுமே... அதான்.

கடைசியா கிட்ஸ் ரூம். கூரையில நீல வானம், குட்டிக் குட்டி நட்சத்திர லைட். தங்கச்சி எட்டாவது படிக்கிறா. கட்டில்ல ஏறிப் படுத்தவ, “அண்ணா, இந்த ரூம் எனக்கா?”ன்னு கேட்டா பாருங்க... எனக்குப் பதில் வரலை. நானும் பக்கத்துல படுத்தேன். முழங்காலுக்குக் கீழே அந்தரத்துல தொங்குது! டேப்பை எடுத்தேன். கட்டில் நீளம் சரியா அஞ்சு அடி. கடையில பெரியவங்களுக்கு விக்கிற கட்டில் இதைவிட நீளமா இருக்கும். ரூம் பத்தடி ரெண்டு அங்குலம். நடுச் சுவரைத் தட்டினா, அதுவும் டொக் டொக். ஜிப்சம் போர்டு! செங்கல் சுவர்னா பூச்சோட இன்னும் தடிமனா இருக்கும். அந்த அங்குலமெல்லாம் ரூமுக்குள்ள இருந்துதானே போகும்?

“சார், நிஜ ஃப்ளாட்டைக் காட்டுங்க”ன்னேன். ரொம்ப யோசிச்சு, ஹெல்மெட் குடுத்து நாலாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஏ.ஸி. இல்லை, வானம் இல்லை. அதே கிட்ஸ் ரூம், ஒன்பது அடி ஏழு அங்குலம். நான் அளவு சொல்லச் சொல்ல, தங்கச்சி ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தரையில கட்டில் வரைஞ்சா. அப்புறம் பீரோ. அப்புறம் கதவு. கதவு பாதி திறந்ததும் பீரோவுல இடிச்சுது. அப்பா ஒண்ணும் பேசலை. அந்தக் கோட்டையே பார்த்துட்டு நின்னார்.

கீழே வந்ததும் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். “இதுல கார்ப்பெட் ஏரியா எவ்வளவு?” 950 சதுர அடின்னு சொன்ன ஃப்ளாட்டுக்குள்ள நிஜமா புழங்குற இடம் 640! மிச்சம்? லிஃப்ட், மாடிப்படி, வராந்தா, வெளிச்சுவர், பால்கனின்னு லிஸ்ட் போட்டாங்க. மஞ்சப்பை திறக்கவே இல்லை.

நீங்களும் வீட்டுல யார்கூடயாவது இப்படிப் போவீங்கதானே... இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க பாஸ். 2016-ல வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்ப்பெட் ஏரியான்னா சுவருக்குள்ள நாம புழங்குற இடம். உள்ளே இருக்குற தடுப்புச் சுவர் அதுல சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. ஒப்பந்தத்தைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி விலையில பத்து சதவிகிதத்துக்கு மேல அட்வான்ஸ் கேட்கக் கூடாது. முக்கியமா, மாடல் ஃப்ளாட்டை நம்பிப் பணம் கட்டி, அதுல காட்டினது பொய்னு ஆகி நஷ்டப்பட்டா, நஷ்டஈடு கேட்கலாம். வேண்டாம்னு விலகினா, பணத்தை வட்டியோட திருப்பித் தரணும். பன்னிரண்டாவது பிரிவுல ‘மாடல் அபார்ட்மென்ட்’னு பேர் சொல்லியே எழுதியிருக்கு!

அலங்காரம் தப்புன்னு சொல்லலை. அந்த ஹாலை டிசைன் பண்ணினவங்க நிஜமாவே திறமைசாலிங்க. கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி அது. வாசல்ல அழகா நிக்கும், ஆனா அதுல தார் பழுக்கும்னு காத்திருக்க முடியாது!

அப்பா தேடுறதை விடலை. அடுத்த ஞாயிறு மண்ணிவாக்கம் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போறோம். அன்னிக்கு ராத்திரி ஹால்ல பாய் விரிச்சுப் படுத்தப்போ, தங்கச்சி மெதுவா சொன்னா...

“அண்ணா, நட்சத்திரம் எல்லாம் வேணாம். கதவு இருக்குற ரூமா பாரு, போதும்!”

டேப்பை எடுத்து பேக்ல வெச்சுட்டேன்.