தாங்கி நிற்பவர்கள்

காவிரி நீர் வயலைச் சேர்வது கல்லணையால் மட்டுமன்று. வாய்க்கால்தோறும் மடை திறந்து அடைப்பவராலும்தான். நம் மூளையிலும் தண்டுவடத்திலும் அத்தகைய பணியாளர் உண்டு. 1890-களில் ஹங்கேரிய அறிஞர் லென்ஹோசெக் 'ஆஸ்ட்ரோசைட்' எனப் பெயரிட்ட விண்மீன் வடிவ உயிரணுக்களே அவை. வெறும் ஒட்டுப்பசை என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. ஆனால் நரம்பணுக்களுக்கு ஊட்டம் அளிப்பதும், மிகுந்துவிட்ட குளுட்டமேட்டை அகற்றுவதும், குருதியோட்டத்தைத் தேவைக்கேற்பச் சீராக்குவதும், காயத்தைச் சுற்றி அரண் அமைப்பதும் அவையே.

பக்கவாதத்தால் படுத்திருந்த என் அத்தாவை நலம் விசாரிக்கத் தஞ்சை வட்டாரத்து உறவினர் பலர் வந்தனர். இரவெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்த அம்மாவிடம், "லாத்தா, நீங்கள் சாப்பிட்டீர்களா, உறங்கினீர்களா?" என்று கேட்டவர் ஒருவரே. அன்றுதான் அம்மா அழுதார். நோயாளியைக் காணச் செல்லும் நீங்கள், அவரைத் தாங்கி நிற்பவரையும் நலம் விசாரியுங்கள். ஓரிரவேனும் அவர் உறங்க வழிசெய்யுங்கள்.