போத்தலில் குணம் தேடின கதை

போன கிழமை ஒரு பின்னேரம், விரிவுரை இல்லாத நேரம், கன்ரீன் மேசையைச் சுற்றி ஏழு பேர் பிளேன்ரீயோட இருந்தம். ஒருத்தியின் போனில் ஒரு குவிஸ் வந்தது. 'விஸ்கியா, வைனா? உங்கள் குணத்தை நாங்கள் சொல்கிறோம்.'

விஸ்கிப் பிரியர் தனிமை விரும்பியாம், பிடிவாதக்காரராம். வைன் பிரியர் மென்மையானவராம், நல்லாக் கதைப்பாராம், கலை ரசனை உள்ளவராம். எங்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் வாயில வைச்சதே இல்லை. அதுக்காக விடுவமா? "நீ வைன்தான்டி, படம் பாத்தா அழுவாய்", "இவன் விஸ்கி, கேட்டாலும் வாய் திறக்கான்" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினம்.

அப்பதான் ஒருத்தன் கேட்டான்: "கள்ளுக் குடிக்கிறவன்ர குணம் என்ன?"

பதில் சொல்ல ஒருத்தருக்கும் குவிஸ் தேவைப்படேல்லை. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வாறவன், வேலிக்கரையில விழுந்து கிடக்கிறவன் என்று வரிசையாக வந்தது. எல்லாரும் சிரிச்சம். ஒருத்தன் மட்டும் சிரிக்கேல்லை.

"எங்கட அம்மப்பா நாற்பது வருசம் கள்ளுச் சீவினவர். ஒரு சொட்டுக் குடிச்சதில்லை" என்றான். ரீயைப் பாதியில வைச்சிட்டு எழும்பிப் போய்விட்டான்.

அது எங்களுக்குத் தெரியாத விசயமில்லை. முதலாம் வருசத்திலேயே சொல்லியிருக்கிறான். சிரிக்கேக்க ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை, அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு குவிஸைக் கொஞ்சம் நிதானமாக யோசிச்சுப் பார்த்தம். விஸ்கிக்காரர் தனிமை விரும்பி என்றால் அது அவருடைய குணமா, போத்தலின் குணமா? திறந்த விஸ்கிப் போத்தல் அலுமாரிக்குள்ள வருசக்கணக்கில் இருக்கும். ஒருத்தர் ஒரு பெக் ஊற்றிவிட்டு மூடி வைக்கலாம். திறந்த வைன் சில நாளில் புளிச்சுப் போகும். நாலு பேரைக் கூப்பிட்டு முடிக்க வேண்டும், நாலு பேர் கூடினால் கதையும் வரும். கள்ளு இன்னும் அவசரம். முட்டியில் சேரும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும், காலையில் இறக்கினது அடுத்த நாள் காடி மாதிரி. அதனால்தான் தவறணைக்குப் போய், சனத்தோட சனமாக இருந்து குடிக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த மூன்று பேரிலும் கூட்டம் விரும்பி கள்ளுக்காரர்தான். குவிஸில் அவருக்கு ஒரு இடமும் இல்லை.

அளவையும் போட்டுப் பார்த்தம். 40 வீத விஸ்கி 45 மில்லிலீற்றர், 12 வீத வைன் 150 மில்லிலீற்றர், 5 வீதம் என்று வைத்தால் கள்ளு 360 மில்லிலீற்றர். மூன்றிலும் இருக்கிற மதுசாரம் ஒரே 18 மில்லிலீற்றர்தான். ஈரலுக்குக் கிளாஸும் பிளாவும் ஒன்று. ஊருக்குத்தான் வேறு வேறு.

வெளிநாட்டு மாமா கொண்டு வாற விஸ்கி எங்கட வீடுகளில் ஷோகேசில் நிற்கும். முடிஞ்ச பிறகும் போத்தலை எறியமாட்டார்கள், தண்ணி நிரப்பிப் பிரிட்ஜில் வைப்பார்கள், இல்லாவிட்டால் மணிப்பிளான்ற் வளரும். அந்த மாமா வெறியில ஆடினால் 'பகிடிக்காரன்'. கள்ளுக் குடிச்ச ஒருவர் அதே ஆட்டம் ஆடினால் அவருடைய சாதியின் பெயர் வரும். தொட்டால் தீட்டு என்று தள்ளி வைத்த அதே கைகள் இறக்கின கள்ளு, தொண்டைக்குள்ள இறங்கேக்க மட்டும் தீட்டாகேல்லை. இதையெல்லாம் 'குணம்' என்ற ஒரு சொல்லுக்குள் சுருட்டி வைக்கலாம் என்பதுதான் அந்தக் குவிஸின் வசதி.

பெண்களுக்கு அந்தக் குவிஸ் வைனைத்தான் ஒதுக்கி வைத்திருந்தது. எங்களில் நாலு பேர் பெட்டையள், நாலு பேருக்கும் 'மென்மையானவர்' என்று வந்தது. இந்த நாட்டில் பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று 1979இல் ஒரு விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாள் போகவில்லை, அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறச் சொல்லி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உத்தரவிட்டார். எங்களுக்குக் குடிக்க ஆசை என்று இதை எழுதவில்லை. குடியால் நொந்த வீடுகளில் இருந்து வந்தவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள், எந்தப் போத்தல் என்று பார்த்து அடி குறைந்ததில்லை. ஆனால் கடையில் ஒரு போத்தல் வாங்கவே அனுமதி இல்லாமல் இருந்தவளுக்கு 'நீ வைன் ஆள்' என்று பட்டம் கட்டுவது எப்படிச் சரி?

அடுத்த நாள் அவனைத் தேடிப் போனம். "மச்சான், பிழை எங்கட" என்றதுக்கு "விடுங்கோடா" என்றான். நாங்கள் போகவில்லை, பக்கத்தில இருந்தம். கொஞ்ச நேரம் கழிச்சு அவனாகவே அம்மப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். விடிய வெள்ளனவும் பின்னேரமும் தளநாரோட ஏறுவாராம். மரத்தை அணைச்சு அணைச்சு நெஞ்சுத்தோல் தடிச்சுப் போயிருந்ததாம். சின்னனில் இவன் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து 'இது பனைதானே' என்று கேட்பானாம். பேரப்பிள்ளைகளுக்கென்று ஒரு முட்டிக்கு மட்டும் உள்பக்கம் சுண்ணாம்பு பூசுவாராம். அது புளிக்காமல் கருப்பநீராக இறங்கும். அதில் ஒரு மிடறு தானும் குடிப்பாராம். மனிசன் அதிகம் கதைக்கமாட்டாராம், ஆனால் எந்த மரம் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டால் நிறுத்தவே மாட்டாராம்.

தனிமை விரும்பியா, கதைகாரரா? எந்தக் கட்டத்தில் அவரைப் போடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கன்ரீன் மேசையில் அன்று பின்னேரம் தெளிவாகத் தெரிந்த குணம் எங்களுடையது மட்டும்தான். அடுத்த முறை இப்படி ஒரு குவிஸ் வந்தால் நாங்களும் செய்து பார்ப்பம், சிரிப்பம். சிரிக்க முதல் மேசையைச் சுற்றி ஒருக்கால் பார்த்துவிட்டு.