ஆபிங்டன்: தொழிற்சாலை மூடியும் சாகாத கார்... வீட்டு ஷெட்டில் தொடரும் வைத்தியம்!

நம் ஊர்ச் சாலைகளில் எண்கோண முத்திரைக்குள் 'எம்ஜி' என்று எழுதிய கார்களைப் பார்த்திருப்பீர்கள். இன்று அந்தப் பெயர் ஒரு சீன நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆனால் பிறந்த இடம் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு. அங்கிருந்த 'மோரிஸ் கராஜஸ்' என்ற கார் விற்பனை நிலையத்தின் முதல் எழுத்துகள்தான் எம்ஜி. 1929-ல் இந்த நிறுவனம் பக்கத்திலுள்ள ஆபிங்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த 50 ஆண்டுகளுக்கு அந்த ஊரின் சோறு, பேச்சு, பெருமை எல்லாமே ஸ்போர்ட்ஸ் கார்தான்.

தேம்ஸ் கரையில் ஒரு ஊர்

தேம்ஸ் நதிக்கரையில், ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது ஆபிங்டன். சந்தைச் சதுக்கத்தின் நடுவில் 17-ம் நூற்றாண்டுக் கல் கட்டடமான கவுன்டி ஹால் நிற்கிறது. அரச குடும்பத்தில் விசேஷம் என்றால், ஊர் கவுன்சிலர்கள் இதன் மாடியில் ஏறிக் கீழே கூடியிருக்கும் கூட்டத்தை நோக்கி பன்களை வீசுவார்கள். வித்தியாசமான வழக்கம்!

இப்போது அந்தக் கட்டடம் அருங்காட்சியகம். அதன் மாடியில் நிற்கிறது ஒரு எம்ஜிபி கார். 1962-ல் அறிமுகமான, கூரையை மடித்துவிட்டு ஓட்டக்கூடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இது. 18 ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை தயாராயின. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது.

1979 செப்டம்பரில் ஊரே கூடி எம்ஜி ஆபிங்டனுக்கு வந்த 50-வது ஆண்டைக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு, 10-ம் தேதி திங்கட்கிழமை, தொழிற்சாலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியே வந்தது. அதோடு கதவு சாத்தப்பட்டது.

நம் அம்பாசடருக்கு உறவுக்காரர்

தயாரித்தவர்களே கைவிட்ட கார் எப்படி இன்னும் ஓடுகிறது? எளிமையான கார் என்பதுதான் முதல் பதில். எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின், நம் பழைய அம்பாசடரில் இருந்த 1489 சிசி இன்ஜினின் அதே குடும்பம். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். அம்பாசடரை மரத்தடியில் பிரித்து மேய்ந்த மெக்கானிக்குகளுக்கு இது புரியும்.

இங்கிலாந்தில் அந்த வேலையைக் கார் உரிமையாளர்களே செய்கிறார்கள். சனி, ஞாயிறு வந்தால் வீட்டு ஷெட்டில் ஸ்பேனர் சத்தம்தான். இந்தக் காரின் நட்டு, போல்ட் எல்லாம் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாகப் பொருந்தாது. போட்டால் முனை தேயும். கம்பிச் சக்கரம் உள்ள கார்களில் நடுவிலுள்ள பெரிய நட்டைச் செம்புச் சுத்தியலால் தட்டித்தான் கழற்ற வேண்டும். இரும்புச் சுத்தியல் பட்டால் குரோம் பூச்சு போய்விடும்.

உண்மையான எதிரி துரு

இன்ஜின் கெட்டால் சரிசெய்யலாம். துரு பிடித்தால்தான் காருக்கே ஆபத்து. சாதாரணக் காரில் கூரையும் உடம்பைத் தாங்கும். கூரையில்லாத காரில் அந்தச் சுமை, கதவுகளுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற பக்கவாட்டுத் தகடுகளின் மேல் விழுகிறது. உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் அந்தத் தகடுகளை ஈரமும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அரித்துவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

பழைய காரை வாங்கப்போகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். பட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது. இன்னொரு சோதனை, பக்கவாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பது. கதவு இடித்தால் உடம்பு தொய்கிறது என்று பொருள்.

சில்லை வெட்டி மாற்றும்போது உடம்புக்கு முறையாக முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் வளைந்துவிடும். பிறகு கதவு மூடவே மூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் கூடாது. ஸ்டாண்ட் கட்டாயம்.

விட்னியில் கிடைக்கும் புது உடம்பு

துரு எல்லை மீறினால் என்ன செய்வது? அதே மாவட்டத்தில் இருக்கும் விட்னி நகரம் பதில் சொல்கிறது. ஒருகாலத்தில் கம்பளிப் போர்வைக்குப் பெயர்போன ஊர். இங்குள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், எம்ஜிபியின் முழு உடற்கூட்டையும் புதிதாகச் செய்து விற்கிறது. பழைய அச்சுக் கருவிகளைத் தேடிப்பிடித்து, 1988-ல் இந்த உடற்கூடுகளை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தார்கள். பழைய காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிப் புது உடம்புக்கு மாற்றிக்கொள்ளலாம். வேலை பல மாத வார இறுதிகளைத் தின்றுவிடும்.

உடம்பே புதிது என்றால் இது பழைய கார்தானா? அதே வடிவமைப்பில் செய்த புது உடற்கூடு, வாங்கிய ரசீது, முக்கியமான பழைய பாகங்கள் ஆகியவை இருந்தால் பழைய பதிவு எண்ணையே வைத்துக்கொள்ள அங்குள்ள விதிகள் இடம் தருகின்றன.

எதை மாற்றலாம்?

பலரும் முதலில் மாற்றுவது இக்னிஷன் பாயின்ட். அந்த இடத்தில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் அடிக்கடி இடைவெளி சரிபார்க்கும் வேலை மிச்சம். ஆரம்பகால எம்ஜிபியில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு ஒரே 12 வோல்ட் பேட்டரி வைப்பார்கள். நெடுஞ்சாலைப் பயணத்துக்காக ஐந்து கியர் பெட்டி போடுபவர்களும் உண்டு.

2021 செப்டம்பரில் பிரிட்டனின் வழக்கமான பெட்ரோலில் எத்தனால் அளவு 10 சதவிகிதம் வரை உயர்ந்தது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் கெடுக்கும். குழாய் கசிந்தால் தீ விபத்துதான். அதனால் குழாய்களை மாற்றுவது இப்போது அழகுக்கான வேலையல்ல, உயிர் காக்கும் வேலை.

40 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு அங்கே ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. அரசு சோதிக்காவிட்டால் பொறுப்பு முழுக்க ஓட்டுபவரிடம்தான். பிரேக்கையும் சில்லையும் தானே பார்க்கத் தெரியாதவருக்கு இந்தச் சலுகை ஆபத்தாகிவிடும். ஆலையில் இருந்த கைத்திறன் வீட்டு ஷெட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த தலைமுறை அதைக் கற்றால்தான் இந்தக் கார்கள் ஓடும்.

போக விரும்புபவர்களுக்கு...

லண்டன் பாடிங்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஆபிங்டனுக்கு ரயில் கிடையாது. ஆக்ஸ்போர்டிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். முதலில் கவுன்டி ஹால் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பிறகு பழைய தொழிற்சாலைப் பகுதிக்கு நடங்கள். அங்கே எம்ஜி கார் கிளப்பின் அலுவலகம் இருக்கிறது. 1930-ல் ஆரம்பித்த கிளப் இது. தொழிற்சாலை போய்விட்டது, கிளப் இருக்கிறது!