மருதமடுவில் காலைச் சிற்றுண்டி

மன்னார் மாவட்டத்துக் காட்டின் நடுவே அமைந்தது மடுத் திருப்பதி. ஜூலை 2இல் ஆடித் திருவிழாவிற்கும், ஆகஸ்ட் 15இல் ஆவணித் திருவிழாவிற்கும் தமிழரும் சிங்களவரும் இங்கே திரள்வர். பலர் மரநிழலிற் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்குவர். விடியற்காலையில் அங்கே அடுப்பு மூட்டுவது எளிதன்று. ஆதலால், மூட்டையில் உள்ளவற்றைக்கொண்டே நாம் செய்து உண்ட சிற்றுண்டியைச் சொல்லுகிறோம்.

அளப்பதற்கு வெறும் பால்பேணி போதும். இரண்டு பேணி அவலைக் களைந்து, நீரை வடித்து, கால் மணி நேரம் மூடிவையுங்கள். பாதித் தேங்காயின் துருவல், ஒரு சிட்டிகை உப்பு, நறுக்கிய கதலிப்பழம் நான்கு ஆகியவற்றைக் கூட்டி, வேண்டிய இனிப்புக்கு ரின்பால் ஊற்றிப் பிசறுங்கள். ஆடி விழாவிலே காட்டுப் பாலைப்பழம் கிடைத்தால், விதை நீக்கிச் சேர்க்கலாம்; சுவை மிகும்.

1990ஆம் ஆண்டு முதல், போருக்கு அஞ்சிய பல்லாயிரவர் இத்தலத்திலே அடைக்கலம் புகுந்தனர். கொண்டுவந்த மூட்டை தீர்ந்தபின் நிவாரண அரிசியையே நம்பியிருந்த குடும்பங்கள் பல. 1999 நவம்பரில் கோவில் வளவிலேயே எறிகணை வீழ்ந்து பலர் மாண்டனர். இன்று அதே மரங்களின் கீழ்ப் பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றனர்.

தாய்மாரே, அவல் ஊறவைக்கும்போது ஒரு பிடி கூட்டியே இடுங்கள். அயற் கூடாரத்தில் வெறுங்கையோடு வந்தவர் இருத்தல் கூடும்.