நாலு மணி நேரக் கரை

"யாரோட போற?"

இரவு உணவு மேசையில் இந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டார்கள். முதலில் என் கணவர், அடுத்து நாத்தனார், கடைசியாகப் பதினாறு வயது மகன். "எங்கே போகிறாய்" என்று ஒருவரும் கேட்கவில்லை. "தனியாத்தான்" என்றேன். மேசை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. மாமியார் மட்டும் தயிர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

2023 ஆகஸ்ட் மாதம் அது. சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாமனாரின் எண்பதாவது பிறந்தநாளுக்காகக் குடும்பமாகப் பதினோரு பேர் கிளம்பியிருந்தோம். அம்பாந்தோட்டையும் திருகோணமலையும் முடிந்து, மறுநாள் காலை காங்கேசன்துறை. அங்கே இறங்குபவர்களை பஸ்ஸில் ஏற்றி நல்லூர்க் கோயில், யாழ்ப்பாணப் பொதுநூலகம், கோட்டை எல்லாம் காட்டிக் கூட்டி வருவதாக ஏற்பாடு.

அவற்றை 2018இல் ஒரு கருத்தரங்குக்காகப் போனபோதே பார்த்திருந்தேன். 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்தின் படிகளில் நின்று அழவும் செய்தேன். ஆனால் அந்த மூன்று நாளும் என்னை அழைத்துப் போக ஒருவர், இறக்கிவிட ஒருவர், சாப்பிட்டாயிற்றா என்று கேட்க ஒருவர் இருந்தார்கள். வடகடலை ஒரு நிமிஷம்கூடத் தனியாகப் பார்க்கவில்லை. இந்த முறை துறைமுகத்துக்கு மேற்கே உள்ள கீரிமலைக்கும் கிழக்கே உள்ள மயிலிட்டிக்கும் நானே போய்வர நினைத்தேன். இரண்டும் கடலோர ஊர்கள், ஆட்டோவில் போய்வரும் தூரம்.

கப்பல் பயணத்தில் ஒரு விதி உண்டு. அவர்கள் ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. மாலை மூன்று மணிக்குள் துறைமுக வாசலில் இருக்க வேண்டும் என்றார்கள். பதினொரு மணிக்குக் கரை இறங்கினால் கையில் நாலு மணி நேரம்.

நான் கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாக நெய்தல் திணை நடத்துகிறேன். கடலும் கடல் சார்ந்த நிலமும், இரங்கல் அதன் உரிப்பொருள். ஆண் கடல்மேல் போவான், பெண் கரையில் நின்று இரங்குவாள். கடல்வழிப் பயணம் பெண்ணோடு சேர்ந்து நிகழ்வதில்லை என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு. அதில் வரும் 'முந்நீர்' கடலைக் குறிக்கிறதா, மூவகைப் பிரிவைக் குறிக்கிறதா என்பதில் உரைகாரர்கள் வேறுபடுவார்கள். அந்த வேறுபாட்டை ஒரு வகுப்பு முழுக்க நடத்துவேன். அவர்கள் ஒருவரும் வேறுபடாத இடம், பெண் வீட்டில் இருப்பாள் என்பது. அந்த இடத்தில் நானும் வகுப்பில் நின்றதில்லை, கடந்து போய்விடுவேன்.

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டிலிருந்து சாந்தோம் கடற்கரை பத்து நிமிஷ நடை. கல்யாணத்துக்கு முன் அப்பாவோடு போவேன், பின் கணவரோடு, பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு. நாற்பத்து நாலு வயதில் யோசித்துப் பார்த்தால், ஒருமுறைகூட அந்தக் கடலுக்கு நான் தனியாகப் போனதில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. எனக்கே தோன்றாதபடி வளர்க்கப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஓட்டோக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியில் பெற்றோல் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை ஒட்டியிருந்தது. நாலாயிரம் இலங்கை ரூபாய் பேசினோம், நம் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம். "தனியவோ வந்தனீங்கள்?" என்றார். கடல் தாண்டியும் அதே கேள்வி.

வழியில் சில இடங்களில் இன்னும் ராணுவ வேலி. கம்பிக்கு அப்பால் கூரையில்லாத வீடுகள், ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் முளைத்து வளர்ந்துவிட்ட மரம். ஓட்டோக்காரர் எதையும் சுட்டிக் காட்டவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

கீரிமலையில் நன்னீர் ஊற்று கடலை ஒட்டியே சுரக்கிறது. ஆண்கள் குளிக்கும் கேணி திறந்து கிடக்கிறது. படியில் உட்கார்ந்தால் எதிரே கடல், அலை சிதறுவது தெரியும். பெண்களுக்கான கேணி தனியாக, சிறியதாக, சுவர் எழுப்பி மறைக்கப்பட்டிருக்கிறது. பெண்களின் வசதிக்குத்தான் சுவர், அது இல்லாவிட்டால் நானும் இறங்கியிருக்க மாட்டேன். ஆனாலும் உள்ளே நின்றபோது கடலின் சத்தம் மட்டும் கேட்டது, மேலே வானம் மட்டும் தெரிந்தது. புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு படியில் அமர்ந்தேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது.

இந்த ஊற்றுக்கு ஒரு கதை உண்டு. சோழ இளவரசி மாருதப்புரவல்லிக்குக் குதிரை முகம். அந்த முகத்தோடு கடல் கடந்து வந்து இங்கே தீர்த்தமாடினாள், குதிரை முகம் நீங்கியது. 'மா' என்றால் குதிரை. அது விட்டுப்போன இடம் மாவிட்டபுரம், அங்கே அவள் முருகனுக்குக் கோயில் எடுத்தாள். பிறகு உக்கிரசிங்கன் என்ற அரசன் அவளைக் கவர்ந்துபோய் மணந்தான் என்று கதை முடிகிறது. இந்தக் கதையை நான் தலபுராணக் கதையாகப் படித்திருக்கிறேன், அவளை ஒரு பயணியாக நினைத்ததில்லை. அவள் கடலில் வந்தபோதும் கோயில் எடுத்தபோதும் யாரோடு வந்தாய் என்று யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. முகம் சரியான பிறகுதான் அவளைத் தூக்கிப்போக ஓர் ஆண் வருகிறான். எந்த முகம் அவளுக்குப் பாதுகாப்பாக இருந்தது என்று அந்தப் படியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

மணி பன்னிரண்டரை. மயிலிட்டிக்குப் போனோம். ஓட்டோக்காரர் பெற்றோல் போட்டுக்கொண்டு அரை மணியில் வருவதாகச் சொல்லிப் போனார்.

மயிலிட்டி ஒரு காலத்தில் வடக்கின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று. 1990 ஜூனில் போருக்கு அஞ்சி ஊரே எழுந்து ஓடியது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. போர் 2009இல் முடிந்தும் ஊர் திரும்பவில்லை. 2017 ஜூலையில்தான் துறைமுகத்தையும் அதை ஒட்டிய கொஞ்ச நிலத்தையும் விட்டார்கள். இருபத்தேழு வருஷம். நான் நாலு மணி நேரத்தை எண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

கரையில் ஓர் அம்மா கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என் அம்மா வயது. பேச்சுக் கொடுத்ததும் பலகையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார்.

"காணியை விட்டிட்டினம் எண்டு சொன்னவுடன ஓடி வந்தனாங்கள், பிள்ளை. வீடு இல்லை. மதிலும் இல்லை. கிணறு ஒண்டுதான் கிடந்தது. அதை வைச்சுத்தான் இது எங்கட வளவு எண்டு கண்டுபிடிச்சன்."

மல்லாகத்து முகாமில் கடலே இல்லாமல் அத்தனை வருஷம் இருந்ததையும், இரண்டு மகள்களை அங்கேயே கட்டிக் கொடுத்ததையும் சொன்னார். நான் இரங்கும் முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த முகம் எனக்கு நன்றாக வரும். அப்போது அவர் துறைமுகத்தின் பக்கம் கையை நீட்டினார். பெரிய இழுவைப் படகுகள் சில கட்டிக் கிடந்தன. பலகையில் தமிழ் எழுத்து, நம்முடைய பதிவு எண்கள்.

"உது உங்கட ஆக்களின்ர போட்டுகள்தான். நேவி பிடிச்சுக் கொண்டுவந்து விட்டிருக்கு. இரவில வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகினம். ஒரு வலை போனா ஒரு வருசத்து உழைப்பு போச்சு."

குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குப் பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்தார். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் நாம் பேசும் எதுவும் அந்தக் கோப்பைக்கு முன்னால் என் வாயில் வரவில்லை.

"உங்கட வீட்டுக்குக் கிட்டவும் கடலோ?" என்றார்.

"ஆமாம்மா. பத்து நிமிஷ நடை."

"அப்ப அங்க கரையில இருக்கிற பொம்பிளையள் எப்பிடி இருக்கினம்?"

எனக்குத் தெரியவில்லை. அந்த ஏப்ரலில்தான், நீதிமன்ற உத்தரவை அடுத்து, நொச்சிக்குப்பம் பெண்கள் மீன் விற்கும் கடைகளை லூப் ரோட்டிலிருந்து அகற்றினார்கள். பெண்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். நான் செய்தித்தாளில் படித்தேன். கல்லூரிக்குப் போக அன்று வேறு வழியில் ஆட்டோ பிடித்தேன். இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். "நல்லா இருக்காங்க" என்றேன்.

ஒன்றே முக்கால் ஆயிற்று, இரண்டேகால் ஆயிற்று, ஓட்டோ வரவில்லை. என் போனில் அந்த ஊர் சிம் இல்லை. கைகால் வெலவெலத்தது. கப்பல் போய்விடும் என்ற பயத்தைவிட, "அப்பவே சொன்னேனே" என்ற குரல்தான் முன்னால் வந்தது. ஓர் ஆண் கப்பலைத் தவறவிட்டால் அது அவன் வாழ்நாள் முழுக்கச் சொல்லும் வேடிக்கைக் கதை. நான் தவறவிட்டால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் தனியாகப் போக முடியாது.

அந்த அம்மா மகளைக் கூப்பிட்டார். முப்பது வயதுப் பெண், எதுவும் கேட்காமல் தம்பியின் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். பாதி வழியில் எதிரே ஓட்டோ வந்தது. பெற்றோலுக்கு வரிசையாம். காசைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியிலேயே போனேன். நாற்பத்து நாலு வருஷத்தில் ஒரு பெண் ஓட்டும் வண்டியின் பின்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. இறங்கிப் பணம் நீட்டினேன். "அம்மா ஏசுவா" என்று திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மணிக்கு இருபது நிமிஷம் இருந்தது. வாசலில் கணவர் நின்றிருந்தார், முகம் வெளிறி.

"நீ வரலேன்னா நான் ஏறியிருக்க மாட்டேன், தெரியுமா?"

தெரியும். அது அன்பு என்றும் தெரியும். அந்த அன்பு இத்தனை வருஷம் வாசலில் நின்றே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதும் அப்போது தெரிந்தது. இரண்டையும் சேர்த்து அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பசிக்குது" என்றேன்.

இரவு, கப்பல் சென்னையை நோக்கித் திரும்பியபின் மாமியார் என் அறைக்கு வந்தார். "அந்தக் கீரிமலைத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்றார். "நல்ல தண்ணி அத்தை, சில்லுன்னு இருந்தது." கொஞ்ச நேரம் கால்களை நீவிக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை என்கிட்ட சொல்லிட்டுப் போ. நானும் வருவேன்."

யாருக்கும் இதை ஒரு வீரக் கதையாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மாதச் சம்பளம், கடவுச்சீட்டு, போன இடத்திலும் நம் மொழி, திரும்பிவர ஒரு வீடு. இத்தனையும் இருந்தும் நாலு மணி நேரத்துக்கு அவ்வளவு பேச்சு. வகுப்பில் என் முன்னால் உட்காரும் பெண்களில் பலருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. தனியாகப் போ என்று அவர்களிடம் சொல்வதற்கு முன் அதையும் நினைத்துக்கொள்கிறேன்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரைக்கு நொச்சிக்குப்பத்துக்கு நடந்தேன், தனியாக. படகுகள் வந்துகொண்டிருந்தன. கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போய், ஏப்ரலில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீன் வாங்க வந்தியா, கதை கேக்க வந்தியா? வாங்கிட்டு கேளு."

அரைக் கிலோ சங்கரா வாங்கினேன். கதை சொன்னார். அப்புறம் வாராவாரம் போனேன். 2024 ஆகஸ்டில் அங்கே 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள். உள்ளே கடை கிடைத்தவர்கள், கிடைத்தும் ரோட்டோரத்தில் விற்றதுபோல் வியாபாரம் இல்லை என்பவர்கள், இரண்டு பக்கத்தையும் இப்போது எனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நாலைந்து பேரைத் தெரியும்.

அந்த மயிலிட்டி அம்மாவின் கேள்விக்கு இப்போது என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். ஆனால் அவருடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது என்று ஓடிவந்துவிட்டேன்.